மிருதங்கத்தோடு கனடா சென்றவர்

(நம் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா அமிர்தியில் நடந்தபோது, மதிய உணவுக்குப் பின் நான் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால், காலாண்டு இதழுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



காலையிலிருந்து மான், மயில், முதலை எல்லாம் பார்த்தாகிவிட்டது. புளியோதரையும் தயிர்சாதமும் முடிந்தாகிவிட்டது. இந்த நேரத்தில், இந்த மர நிழலில், ஒருவன் எழுந்து நின்று பேசுவது ஆபத்தான வேலை. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் தாளத்தோடு வரட்டும். ஏனென்றால் இன்று நான் பேசப்போவது தாளத்தைப் பற்றித்தான்.

நம் வேலூர்ப் பக்கத்தில் வெளிநாடு என்பது புதிய செய்தி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலும் காலணியும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. சரக்கு போன வழியில் வியாபாரிகள் போனார்கள். பிறகு செவிலியர்கள் போனார்கள், இன்ஜினியர்கள் போனார்கள். நம் குடியிருப்பிலேயே பிள்ளையோ பெண்ணோ, மருமகனோ பேரனோ கடல் கடந்து இருக்காத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் எத்தனையோ கல்விக்கடன் விண்ணப்பங்கள் என் மேஜையைத் தாண்டிப் போயின. எம்.எஸ்., எம்.பி.ஏ., மருத்துவம். சங்கீதம் என்று எழுதிய விண்ணப்பம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அப்படியென்றால் ஒரு கேள்வி. கையில் வேறு எந்தப் பட்டறிவையும் நம்பாமல், தன் வாத்தியத்தை மட்டும் நம்பி ஒருவர் அயல்நாடு போனால் பிழைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஒருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவர் பெயர் திருச்சி சங்கரன்.

மிருதங்கம் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் வேலூர் ஜி. ராமபத்ரன். நம் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, 2004ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர். அவர் இங்கேயே இருந்து பெயர் வாங்கினார். ஏழு ஆண்டு கழித்து 2011ல் அதே விருதைப் பெற்ற இன்னொரு மிருதங்க வித்வான்தான் சங்கரன். அப்போது அவர் கனடாவில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்பது ஆண்டு வெளியூரில் இருந்தவரைக் கூப்பிட்டு இங்குள்ளவர்கள் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள் என்றால், அவர் இந்தக் கணக்கை மூடிவிட்டுப் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

சங்கரன் 1942ல் திருச்சி மாவட்டம் பூவாளூரில் பிறந்தவர். முதல் பாடம் சொந்தத்திலேயே, அண்ணன் முறையான வெங்கட்ராமனிடம். பிறகு பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் குருகுலம். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர்; புதுக்கோட்டை வழியில் வந்த மகா வித்வான். சங்கரன் 13 வயதிலேயே மேடை ஏறிவிட்டார். 1962ல் குரு காலமானபோது சிஷ்யருக்கு ஏறக்குறைய இருபது வயது. அதன்பிறகு சென்னையில் முன்னணி வித்வான்களுக்கு வாசித்து நல்ல பெயரோடு இருந்தார்.

1971ல், முப்பது வயதைக்கூடத் தொடாத நிலையில், அவருக்கு டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் வேலை. அவரோடு சேர்ந்து அங்கே இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியவர் யார் தெரியுமா? ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர். நம்மில் வயதானவர்களுக்கு அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றால் சட்டென்று தெரியும். வேட்டி கட்டிக்கொண்டு நம் கீர்த்தனைகளைப் பாடியவர். திருவையாறு ஆராதனையிலும் பாடியிருக்கிறார். 1984ல், நாற்பத்தைந்து வயதில், சாலையில் வண்டி மோதி இறந்துபோனார் பாவம்.

அந்த அமெரிக்கருக்கு நம் சங்கீதம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அங்கேயும் இரண்டு தமிழர்கள் நிற்கிறார்கள். வீணை தனம்மாளின் பேரர்கள், நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பிகள். ஒருவர் மிருதங்கம் டி. ரங்கநாதன். 1963லேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர். இன்னொருவர் புல்லாங்குழல் டி. விஸ்வநாதன். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்துவிட்டு மறுபடியும் அமெரிக்கா போய், வெஸ்லியனிலேயே முனைவர் பட்டமும் வாங்கி, கடைசிவரை அங்கேயே பாடம் நடத்தினார். 1992ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது அவருக்குக் கிடைத்தது. ஹிக்கின்ஸ் இந்தச் சகோதரர்களிடம்தான் முதலில் படித்தார். ஆக, இரண்டு தமிழர்கள் ஒரு அமெரிக்கருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அமெரிக்கரும் இன்னொரு தமிழரும் சேர்ந்து கனடாவில் பாடம் தொடங்கினார்கள். கச்சேரி அன்றோடு முடிந்துவிடும். பாடம் வட்டிக்கு வட்டி சேர்வதுபோலச் சேர்ந்துகொண்டே போகும்.

காலமும் கைகொடுத்தது, அதையும் சொல்லவேண்டும். எந்த நாட்டிலிருந்து வருகிறாய் என்று பார்க்காமல், படிப்புக்கும் தொழில் திறமைக்கும் மதிப்பெண் போட்டு ஆட்களை எடுக்கும் முறையைக் கனடா 1967ல்தான் கொண்டுவந்தது. பல பண்பாடுகளும் சேர்ந்ததே எங்கள் நாடு என்று அந்த அரசு கொள்கையாக அறிவித்தது 1971ல், சங்கரன் போய்ச் சேர்ந்த அதே ஆண்டில். கதவு திறந்த நேரத்தில் அவர் வாசலில் நின்றார். ஆனால் கதவு திறந்துவிட்டால் மட்டும் உள்ளே குடித்தனம் நடந்துவிடுமா?

இப்போது அங்கே அவருக்கு இருந்த கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். இங்கே குருகுலத்தில் பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. குரு வாசிப்பார், சிஷ்யன் வாங்கிக்கொள்வான். பத்து வருஷம் ஆனாலும் ஏன் என்று கேட்கமாட்டான். அங்கே வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு ராகம் என்றால் என்ன என்று தெரியாது, தமிழோ தெலுங்கோ தெரியாது. அவர் பியானோ படிக்கிறவராக இருக்கலாம், ஜாஸ் டிரம்ஸ் அடிக்கிறவராக இருக்கலாம். பருவம் முடிவதற்குள் அவருக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் போடவேண்டும்.

இதற்கு அவர் பிடித்த வழி சொற்கட்டு. அதாவது வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே தாளத்தை வாயால் சொல்லுவது. நாம் கொன்னக்கோல் என்கிறோமே, அதுதான். மூன்றுக்குத் தகிட. நாலுக்குத் தகதிமி. ஐந்துக்குத் தகதகிட. ஏழுக்குத் தகிடதகதிமி. இதைச் சொல்ல எந்த மொழியும் தெரியவேண்டாம். நாக்கும் கையும் போதும்.

குழந்தைகள் இங்கே என்னோடு போட்டுப் பார்த்தார்கள். நீங்கள் வீட்டில் போட்டுப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒவ்வொரு எண்ணிக்கையையும் நாலாகப் பிரித்தால் மொத்தம் 32. இப்போது 'தகதகிட தகதகிட' என்று சொல்லுங்கள், அது 10. ஒன்று நிறுத்துங்கள். மறுபடியும் 10. ஒன்று நிறுத்துங்கள். மறுபடியும் 10. கூட்டிப் பாருங்கள்: 10, 1, 10, 1, 10. மொத்தம் 32. அடுத்த சுற்றின் முதல் தட்டில் கச்சிதமாக வந்து விழுவீர்கள். நடுவில் கொஞ்ச நேரம் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போவதுபோலத் தோன்றும், பயமாக இருக்கும், கடைசியில் ஒன்று சேரும். சாயங்காலம் வவுச்சர்களை எல்லாம் கூட்டி முடித்ததும் லெட்ஜர் ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகும்போது எங்களுக்கு ஒரு சந்தோஷம் வருமே, அதே சந்தோஷம்தான் இது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும் இடத்தில் சபை கைதட்டுவதும் இதற்காகத்தான். கூட்டல் தெரிந்த எவருக்கும் இது புரியும். டொராண்டோ மாணவர்களுக்கும் புரிந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் யார்க்கில் பாடம் நடத்தினார். குரு வாய்மொழியாகத் தந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தி, 1994ல் தென்னிந்தியத் தாள வாசிப்பின் அடிப்படைகள் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். பிறகு கொன்னக்கோலுக்கென்றே தனியாக ஒரு புத்தகம். 1986ல் வான்கூவரில் நடந்த எக்ஸ்போவில் பல நாட்டுத் தாளக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். இந்தோனேசிய கமலான் இசைக்குழுவுக்குக்கூட இசை அமைத்துக் கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவே டிசம்பர் சீசனுக்குச் சென்னை வந்து வாசிப்பதையும் விடவில்லை. அவர் மகள் சுபா சங்கரன் அங்கேயே பாடகி. நம் சங்கீதத்தையும் ஜாஸையும் கலந்து பாடும் அவருடைய குழுவின் பெயர் 'ஆட்டோரிக்‌ஷா'. பெயரைக் கேட்டாலே தெரிகிறதல்லவா, ஊர் எங்கே இருக்கிறது என்று!

தோல் ஊரில் இருந்துகொண்டு மிருதங்கத்தின் தோலைப் பற்றிப் பேசாமல் விட்டால் தப்பு. மிருதங்கத்தின் உடல் பலாமரம். வலந்தலைக்கு ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அடுக்கடுக்காக வரும். நடுவில் கறுப்பாக இருப்பது சாதம் என்பார்கள், கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. தொப்பிப் பக்கம் ரவையைக் குழைத்து அப்புவார்கள். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆவாரம்பட்டை போட்டோ குரோம் போட்டோ தோலைப் பதப்படுத்துகிறார்களே, அப்படிப் பதப்படுத்திய தோல் இதற்கு ஆகாது. பச்சைத்தோலைக் காயவைத்துத்தான் எடுக்கவேண்டும். அப்போதுதான் நாதம் வரும். அதனால்தான் ஈரக்காற்று பட்டால் தளரும், வறண்டால் இறுகும். வெளியே பனி, உள்ளே ஹீட்டர் என்று இருக்கும் கனடாவில் அந்தத் தோலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி இருக்கும் என்று உங்களில் தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே என்றால் மூட்டுப் போடுகிறவர் பக்கத்திலேயே இருப்பார். பாலக்காடு மணி ஐயருக்குப் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். எந்தத் தோல் எந்தக் கைக்குப் பேசும் என்று தெரிந்தவர். அப்படிப்பட்டவர்கள் இல்லாத ஊரில் வித்வானே பாதிக் கைவினைஞராகவும் ஆகவேண்டும். மேடையில் இருக்கும் ஒருவரின் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பது ஊரை விட்டுப் போனால்தான் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லோரும் பிள்ளைகளை மிருதங்கத்தோடு விமானம் ஏற்றிவிடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். பல்கலைக்கழக நாற்காலி எல்லோருக்கும் கிடைக்காது. வார நாட்களில் அலுவலக வேலை, சனி ஞாயிறுகளில் வீட்டு அடித்தளத்தில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, இதுதான் வெளிநாட்டில் நம் கலைஞர்களில் பலருடைய வாழ்க்கை. ஆனால் அந்த அடித்தள வகுப்புகளைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் டொராண்டோவுக்கு அகதிகளாகப் போனார்கள். வீடு போனது, நிலம் போனது. போன இடத்தில் காலூன்றியதும் பிள்ளைகளுக்குப் பாட்டும் மிருதங்கமும் பரதமும் சொல்லிவைத்தார்கள். அங்கே இன்று நடக்கும் அரங்கேற்றங்கள் அப்படி வந்தவை. இழந்ததில் எதை மறுபடியும் கட்டலாம் என்று பார்த்தபோது அவர்கள் கைக்கு எட்டியவற்றில் இதுவும் ஒன்று.

சங்கரன் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் அவரை நிலைநிறுத்தியது வாசிப்பு மட்டும் இல்லை, சொல்லிக்கொடுக்கத் தெரிந்ததும்தான். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் தனக்குத் தெரிந்ததைப் பிரித்து, எண்ணி, அடுக்கத் தெரியவேண்டும். அந்த அளவுக்கு ஒன்று தெரிவது முப்பது வயதில் வருவதில்லை. பத்து வயதில், தினம் தினம், யாருக்கோ இரைச்சலாகக் கேட்ட சாதகத்தில்தான் வருகிறது. பூவாளூர்ச் சிறுவன் சாதகம் செய்தபோது பக்கத்து வீட்டில் யாராவது முகம் சுளிக்காமலா இருந்திருப்பார்கள்?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். வரப்போகும் பொதுக்குழுவில், வீடுகளுக்குள் வாத்தியம் வாசிக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் வர இருக்கிறது. பி பிளாக்கில் ஒரு பையன் மிருதங்கம் படிக்கிறான், ஒன்பதாம் வகுப்பு. அவன் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். விடிய விடிய நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து பகலில்தான் கண்ணை மூடுகிறார். அவர் புகார் கொடுத்ததில் ஒரு நியாயக்குறைவும் இல்லை. தூக்கம் அவருக்கு ஆடம்பரம் இல்லை. நாளைக்கு அவர் கையில் ஊசி போட்டுக்கொள்ளப் போவது நாம்தான்.

பையன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தீர்மானம் வந்தால் அவன் நிறுத்திவிடுவான். அவன் வீட்டில், 'சரி, பத்தாம் வகுப்பு வரப்போகிறது, இதோடு போதும்' என்ற பேச்சு வந்துவிட்டதாகவும் கேள்வி. நமக்கு நன்றாகத் தெரிந்த பேச்சுதான் இது. பரீட்சை முடிந்ததும் தொடரலாம் என்று மூடிவைத்த மிருதங்கங்களும் வீணைகளும் எத்தனை வீட்டு அலமாரிகளின் மேல் தூங்குகின்றன!

ஆகவே பொதுக்குழுவில் நான் ஒரு மாற்று யோசனை வைக்கப்போகிறேன். முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நம் சமுதாயக்கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை சும்மா பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குப் போவது பெரும்பாலும் முகூர்த்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான். வார நாட்களில் மாலை 5 மணி முதல் 7 மணி வரை அதைச் சாதகத்துக்கு என்று ஒதுக்கிவைப்போம். மிருதங்கம் மட்டும் இல்லை. கீபோர்டு, வயலின், பாட்டு, பறை, எது படிக்கிற பிள்ளையானாலும் வரலாம். ஆளுக்கு அரைமணி நேரம், சாவி வாங்கும் இடத்தில் ஒரு நோட்டில் பெயர் எழுதினால் போதும். அந்த நோட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் எழுதியவனுக்கு இது என்ன பெரிய வேலை? வீட்டுக்குள் சாதகம் வேண்டாம் என்பதையும் பகல் நேரத்துக்கு மட்டும் விதியாக வைத்துக்கொள்வோம். செவிலியர் அம்மாவுக்குத் தூக்கமும் கிடைக்கும், பையனுக்குச் சாதகமும் கிடைக்கும். செலவு இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு என்பது ஒரு வருஷம். தினம் அரைமணி நேரம் தாளம் போடுவதால் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் கவிழ்ந்துவிடாது. 32ஐப் பத்தும் ஒன்றுமாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வராமலா போகும்? அவன் நாளைக்கு டொராண்டோவில் பேராசிரியர் ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏதோ ஒரு ஊரில் இன்ஜினியராக இருக்கட்டும். குளிர்காலச் சனிக்கிழமை ஒன்றில், யாரையும் தெரியாத அந்த ஊரில், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தகதிமி சொல்லிக்கொடுக்க அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். அவன் அங்கே தனி ஆள் இல்லை.

நேரமாகிவிட்டது. குரங்குகள் வேறு நம் பிஸ்கட் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள். என் யோசனையில் குறை இருந்தால் அங்கே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். சரி என்று பட்டால் கையைத் தூக்குங்கள்.